ஒரு கையால் சாப்பிட ஒரு ஸாண்ட்விச்!

எங்கள் குடவாசல் கடைத்தெருவில் ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கிக் கையில் பிடித்தபடி நடந்து வந்து பாருங்கள். வீடு வந்து சேர்வதற்குள் குறைந்தது மூன்று பேராவது நிறுத்திக் கேட்பார்கள்.

"என்னக்கா, வீட்ல யாருக்குக் காய்ச்சல்?"

கேட்பவர்கள் மேல் தப்பில்லை. நெல் விளையும் சீமை இது. மூன்று வேளையும் அரிசிதான். ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்குப் பாலில் தோய்த்துக் கொடுப்பது, ஆஸ்பத்திரியில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது ஆரஞ்சுப் பழத்தோடு வாங்கிப் போவது. அவ்வளவுதான் நமக்கும் ரொட்டிக்கும் உள்ள உறவு. நானும் நாற்பத்தைந்து வயது வரை அப்படித்தான் நினைத்துக் கொண்டிருந்தேன்.

அந்த எண்ணத்தை மாற்றியது 2023-ஆம் வருஷம் மகளின் பிரசவத்துக்காக நான் லண்டன் போய் வந்த பயணம். அங்கே கற்றுக்கொண்ட சில ஸாண்ட்விச் வகைகளை நம் ஊர்ச் சாமான்களை வைத்து எப்படிச் செய்வது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதை நான் ஏன் கற்றுக்கொண்டேன் என்று சொல்லாவிட்டால் பாதி விஷயம் விட்டுப் போகும். அதனால் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தெருவில் போட்ட பந்தி

மகளும் மாப்பிள்ளையும் கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம் பக்கம் இருக்கிறார்கள். பஸ்ஸை விட்டு இறங்கினால் முருங்கைக்காய், வாழையிலை, கருவேப்பிலை எல்லாம் விற்கிறார்கள். நம் ஊர்தானோ என்று தோன்றும். நான் இங்கிருந்து சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், பூண்டு, ஏழு சுற்று பாலிதீன் சுற்றிய பால்சுறாக் கருவாடு எல்லாம் கட்டி எடுத்துப் போனேன். பால் பொருள்களும் இறைச்சியும் கொண்டு வரக்கூடாது என்று மகள் முன்பே சொல்லிவிட்டதால் நெய்யை மட்டும் விட்டுவிட்டுப் போனேன்.

நான் போய்ச் சேர்ந்த சமயம் அங்கே மூன்றாம் சார்லஸ் மன்னருக்கு முடிசூட்டு விழா. மே 6-ஆம் தேதி சனிக்கிழமை. அன்று முழுக்க மழை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை நாடு முழுக்கத் தெருத்தெருவாக மேஜை போட்டு, அக்கம்பக்கத்தார் சேர்ந்து சாப்பிட்டார்கள். எங்கள் தெருவிலும் போட்டார்கள். ஆளுக்கொரு தட்டு கொண்டு வந்து வைத்தார்கள். முக்கால்வாசித் தட்டில் என்ன தெரியுமா? ஸாண்ட்விச்! ஓரம் நறுக்கி, முக்கோணமாக வெட்டி, கோபுரம் மாதிரி அடுக்கியிருந்தார்கள்.

நான் எலுமிச்சம்பழச் சாதம் கிளறிக் கொண்டு போயிருந்தேன். என் பாத்திரம் அரை மணியில் காலி. எனக்கு உள்ளூரப் பெருமை. "பாவம், சூடா எதுவுமே இல்லாம இதைத்தான் திங்கறாங்க போலிருக்கு" என்று மகளிடம் மெதுவாகச் சொன்னேன். எதிர்வீட்டு அம்மாள், எழுபது வயதிருக்கும், தன் தட்டை என் பக்கம் நகர்த்தினார். மரியாதைக்கு ஒன்று எடுத்தேன். உள்ளே வெள்ளரிக்காய், வெண்ணெய், உப்பு, மிளகு. வேறொன்றுமில்லை. ருசி நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும், 'இது ஒரு சாப்பாடா?' என்றுதான் மனசு சொல்லிற்று.

"பசிக்குதும்மா…"

மே மூன்றாம் வாரம் மகளுக்கு வலி எடுத்தது. இரவு முழுக்கப் போராடி விடியற்காலை பெண் குழந்தை பிறந்தது. சுகப்பிரசவம். கொஞ்ச நேரத்தில் நர்ஸ் ஒரு தட்டு கொண்டு வந்தார். பால் விட்ட டீ, வெண்ணெய் தடவிய இரண்டு துண்டு டோஸ்ட். பிள்ளை பெற்றவளுக்கு டீயும் டோஸ்ட்டும் கொடுப்பது அந்த ஊர் ஆஸ்பத்திரிகளில் நீண்டகால வழக்கமாம். "ரொட்டிதானே, காய்ச்சல்காரருக்குக் கொடுப்பதுதானே" என்று சும்மா இருந்தேன்.

மத்தியானம் வந்ததுதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த முட்டை ஸாண்ட்விச், முக்கோண அட்டைப் பெட்டியில், தொட்டால் சில்லென்று. மகள் பிரித்து வாயருகே கொண்டு போனாள். நான் அவள் கையைப் பிடித்துவிட்டேன்.

"பச்சை உடம்புடி! ஜில்லுன்னு இருக்கறதைத் தின்னா ஜன்னி கண்டுடும். ரெண்டு மணி பொறுத்துக்கோ. வீட்டுக்குப் போய்ப் பூண்டு ரசம் வச்சு எடுத்தாரேன்."

அவள் என்னைக் கோபித்துக் கொள்ளவில்லை. கண்ணில் தண்ணீர் நின்றது. "பசிக்குதும்மா…" என்றாள். அவ்வளவுதான்.

என் கை தானாக விலகிவிட்டது. ஏனென்றால் அந்த வார்த்தையை நான் சொல்லத் துணியாமல் விழுங்கியவள்.

1999-ல் இவள் பிறந்தபோது எனக்குப் பத்தியம் போட்டது என் அம்மா. அன்பில் குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் நாட்களில் வறட்டுச் சோறு, மிளகுக் குழம்பு, சுட்ட கருவாடு. அதுவும் அளந்துதான். தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும் என்று சொம்பையே எட்டி வைத்துவிடுவார்கள். குழந்தை ராத்திரி நாலு தடவை பால் குடிக்கும். ஐந்தாம் தடவை அழும்போது எனக்கு நாக்கு வறண்டு, வயிறு ஒட்டி, காது அடைத்துக் கொள்ளும். ஒரு ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டே போய்க் குடத்துத் தண்ணீரை இரண்டு சொம்பு குடித்தேன். திருடியைப் போலக் குடித்தேன், சகோதரிகளே! இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பால் கொடுக்கும் தாய்க்கு முதல் ஆறு மாதம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் ஒரு நாளைக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்று நம் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமே சொல்கிறது. தாகத்துக்குத் தண்ணீரும் வேண்டும். சில்லென்ற ஸாண்ட்விச்சால் ஜன்னி வராது. பிரசவத்துக்குப் பின் வருகிற காய்ச்சலுக்குப் பெரும்பாலும் கிருமித் தொற்றுதான் காரணம். அதற்கு டாக்டரிடம் ஓட வேண்டுமே தவிர, தாயைப் பட்டினி போடக்கூடாது.

மகள் அந்த ஸாண்ட்விச்சை முழுக்கச் சாப்பிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தேன்.

ஒரு கைதான் மிச்சம்!

வீட்டுக்கு வந்த பிறகு என் சமையலும் நடந்தது. பூண்டுக் குழம்பு, ரசம், பால்சுறாப் புட்டு எல்லாம் மகள் ஆசையாகத்தான் சாப்பிட்டாள். ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். நான் சுடச்சுடச் சோற்றைப் பிசைந்து தட்டில் வைப்பேன். அந்த நேரம் பார்த்துக் குழந்தை வீறிடும். ஒரு கையில் குழந்தை. இன்னொரு கையில் ரசம் சோற்றை எப்படி அள்ளுவது? குழந்தை தலையில் சிந்திவிடும் என்று பயம். நான் இருந்தால் ஊட்டிவிடுவேன். நான் இல்லாவிட்டால்?

மாப்பிள்ளைக்கு இரண்டு வாரம்தான் லீவு. அது முடிந்து காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரவுதான் திரும்புவார். இங்கே ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் அணை திறந்தாகிவிட்டது. குறுவை நடவு. வீட்டுக்காரர் ஒற்றை ஆளாக வயலையும் பார்த்து, வயசான தன் தாயாரையும் பார்த்துக் கொண்டிருந்தார். ஜூலை முதல் வாரம் எனக்கு டிக்கெட். நாள் நெருங்க நெருங்க எனக்குத் தூக்கம் போயிற்று. பகல் முழுக்கக் குழந்தையோடு தனியாக இருக்கப் போகிறவளுக்கு யார் சோறு போடுவது?

ஒரு சாயங்காலம் எதிர்வீட்டு அம்மாள் குழந்தையைப் பார்க்க வந்தார். மூடி போட்ட டப்பா ஒன்றை நீட்டினார். உள்ளே நாலு விதமான ஸாண்ட்விச். மகள் குழந்தையை இடது கையில் அணைத்தபடி, வலது கையால் ஒன்றை எடுத்தாள். கடித்தாள். சிந்தவில்லை, ஒழுகவில்லை. குழந்தை விழிக்கக்கூட இல்லை. இரண்டே நிமிஷத்தில் ஒரு வேளை ஆகாரம் உள்ளே போய்விட்டது!

எனக்கு அப்போதுதான் பொறி தட்டிற்று. நம் ஊரில் களையெடுக்கப் போகும் பெண்கள் தூக்குச் சட்டியில் எடுத்துப் போகிற பழைய சோறு, பயணத்துக்குக் கட்டும் புளியோதரை மாதிரி, அவர்களுக்கு இது கட்டுச்சோறு. வேலையை விட முடியாதவர்களுக்கு ஏற்பட்ட சாப்பாடு. மறுநாளே எதிர்வீட்டுக்குப் போய், எனக்குத் தெரிந்த அரைகுறை இங்கிலீஷில், "எனக்கும், என் மாப்பிள்ளைக்கும் கற்றுக் கொடுங்கள்" என்று கேட்டுவிட்டேன்.

பெயர் வந்த கதை

ஸாண்ட்விச் என்பது இங்கிலாந்தில் கெண்ட் ஜில்லாவில் உள்ள ஓர் ஊர். அந்த ஊர்ப் பெயரில் பட்டம் பெற்ற நான்காவது பிரபு ஜான் மாண்டேகு (1718–1792). சீட்டாட்ட மேஜையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், இரண்டு ரொட்டிக்கு நடுவே இறைச்சியை வைத்துக் கொண்டுவரச் சொன்னார் என்பது ஒரு கதை. 'இல்லை, அவர் கடற்படைக்குத் தலைமை வகித்தவர், வேலை மேஜையை விட்டு எழுந்திருக்க நேரமில்லாமல்தான் அப்படிச் சாப்பிட்டார்' என்று அவர் சரித்திரத்தை எழுதியவர் சொல்கிறார். எது நிஜமோ, ஒரு கை வேறு வேலையில் இருந்தது மட்டும் நிச்சயம். 1762-லேயே எட்வர்ட் கிப்பன் என்ற சரித்திர ஆசிரியர் தம் நாட்குறிப்பில் ஸாண்ட்விச் என்ற பெயரை எழுதியிருக்கிறார்.

அமுதக் குடத்தை வைத்துச் சொல்லும் தல புராணத்தால் எங்கள் ஊருக்குக் குடவாசல் என்று பெயர் வந்தது என்பார்கள். இங்கே உணவால் ஊருக்குப் பெயர். அங்கே ஊரால் உணவுக்குப் பெயர்!

ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த முக்கோணப் பெட்டிக்கும் ஒரு கதை உண்டு. 1980-ல் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்ஸர் கடைக்காரர்கள் தயாராகச் செய்து பொட்டலம் கட்டிய ஸாண்ட்விச்சை விற்க ஆரம்பித்தார்கள். இப்போது அந்த நாட்டில் ரயிலடி, பெட்ரோல் பங்க், மருந்துக்கடை எங்கே பார்த்தாலும் அதுதான்.

சரி, செய்முறைக்கு வருவோம். நான் கொடுத்திருக்கும் அளவு எல்லாம் இரண்டு பேருக்கு. நம் ஊரில் எது கிடைக்குமோ அதை வைத்தே எழுதியிருக்கிறேன்.

1. வெள்ளரிக்காய் ஸாண்ட்விச்

பிரபுக்கள் வீட்டு மாலை நேரத் தேநீருக்கு உரியது இது. 1840-ஐ ஒட்டி ஒரு சீமாட்டி ஆரம்பித்து வைத்த வழக்கம் அந்த மாலைத் தேநீர் என்று சொல்கிறார்கள்.

தேவையானவை: ரொட்டி – 4 துண்டு, வெள்ளரிக்காய் – பாதி, வெண்ணெய் – 3 டீஸ்பூன், உப்பு, மிளகுத்தூள் – தேவைக்கு, புதினா – சில இலைகள்.

செய்முறை: வெள்ளரிக்காயைத் தோல் சீவி, காகிதம் போல மெல்லிசாக வட்டமாக நறுக்குங்கள். ஒரு சிட்டிகை உப்புத் தூவி வடிதட்டில் 15 நிமிஷம் வையுங்கள். தண்ணீர் விட்டுக் கொள்ளும். சுத்தமான துணியில் பரப்பி ஒற்றி எடுங்கள். இந்த ஒரு வேலையை விட்டுவிட்டால் ஸாண்ட்விச் சொதசொதவென்று ஆகிவிடும். ரொட்டியில் வெண்ணெயை ஓரம் வரை விடாமல் தடவுங்கள். வெண்ணெய் ருசிக்கு மட்டுமல்ல, காயின் ஈரம் ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும் பூச்சும் அதுதான். காயை ஒன்றன்மேல் ஒன்று பாதி படியும்படி அடுக்கி, மிளகுத்தூள் தூவி, புதினாவைக் கிள்ளிப் போட்டு மூடுங்கள். லேசாக அழுத்தி, ஓரம் நீக்கி, முக்கோணமாக வெட்டுங்கள்.

வெயில் காலத்தில் வயிற்றுக்கு இதம். ஆனால் இதில் தெம்பு குறைச்சல். பால் கொடுக்கும் தாய்க்கு இது மட்டும் போதாது.

2. முட்டையும் முளைக்கீரையும்

இதில்தான் எனக்கு ஆச்சரியம். எதிர்வீட்டு அம்மாள் ஜன்னலோரம் ஒரு தட்டில் ஈரப் பஞ்சைப் பரப்பி, கடுகும் 'கிரெஸ்' என்ற ஒரு விதையும் தூவி வளர்த்திருந்தார். விரல் உயரம் முளைத்ததும் கத்திரிக்கோலால் நறுக்கி முட்டையோடு சேர்த்தார். நம் முளைப்பாரியேதான்! அங்கே பள்ளிக்கூடக் குழந்தைகள் எல்லோரும் இதை வளர்த்துப் பார்ப்பார்களாம். நமக்குக் கடுகு மட்டுமே போதும். ஈரத்துணியில் தூவி, தினம் தண்ணீர் தெளித்தால் ஏழெட்டு நாளில் நறுக்கலாம். விதைப்புக்கென்று மருந்து கலந்த விதையை வாங்கிவிடாதீர்கள். சமையல் கடுகே முளைக்கும்.

தேவையானவை: முட்டை – 3, ரொட்டி – 4 துண்டு, வெண்ணெய் – 3 டீஸ்பூன், கெட்டித் தயிர் – 1 டேபிள்ஸ்பூன், உப்பு, மிளகுத்தூள், கடுகு முளைக்கீரை – ஒரு சின்னப் பிடி.

செய்முறை: முட்டையைக் கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிஷம் வேகவைத்து, உடனே பச்சைத் தண்ணீரில் போடுங்கள். தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுத் தண்ணீர் வடியுங்கள். முட்டையை முள்கரண்டியால் மசித்து, ஒரு டீஸ்பூன் வெண்ணெய், தயிர், உப்பு, மிளகுத்தூள் சேர்த்துப் பிசையுங்கள். ரொட்டியில் மீதி வெண்ணெயைத் தடவி, முட்டையைப் பரப்பி, முளைக்கீரையைத் தூவி மூடுங்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. பால் கொடுக்கும் தாய்க்கு இதுதான் என் முதல் சிபாரிசு.

3. உழவர் ஸாண்ட்விச்

பாலாடைக்கட்டியும் ஊறுகாயும். ரொட்டி, சீஸ், பச்சை வெங்காயம், ஊறுகாய் இதெல்லாம் சேர்ந்த தட்டுக்கு அங்கே 'உழவர் சாப்பாடு' என்றே பெயர். பெயரைப் பரப்பியது 1950, 60-களில் பாலாடைக்கட்டி, பால் விற்பனை நிறுவனங்கள்தான். ஆனால் ஏர் பிடிப்பவன் ரொட்டியும் வெங்காயமும் கடிப்பது பழைய வழக்கம். நம் ஆள் பழைய சோற்றுக்கு வெங்காயம் கடிப்பதை நினைத்துக் கொண்டேன்.

அங்கே போடும் ஊறுகாய், பிரான்ஸ்டன் என்ற ஊரில் 1922-ல் பிறந்தது. காய்களைப் பொடியாக நறுக்கி, வினிகரும் சர்க்கரையும் விட்டுக் காய்ச்சியது. காரம் கிடையாது. புளிப்பும் இனிப்பும்தான். நான் அதற்குப் பதில் வெல்லம் போட்ட மாங்காய்ப் பச்சடியைக் கெட்டியாகச் சுண்டவைத்துப் போடுகிறேன். அசலை விட இதுதான் மேல் என்று மாப்பிள்ளையே ஒப்புக் கொண்டார்!

செய்முறை: ரொட்டியில் வெண்ணெய் தடவி, சீஸை மெல்லிய பட்டையாகச் சீவி அடுக்குங்கள். அதன் மேல் ஒரு டீஸ்பூன் மாங்காய்ப் பச்சடி, வட்டமாக நறுக்கிய நாலைந்து சின்ன வெங்காயம். மூடி, இரண்டாக வெட்டுங்கள். சீஸில் ஏற்கனவே உப்பு இருக்கிறது. தனியாகப் போட வேண்டாம்.

4. முடிசூட்டுக் கோழி

1953 ஜூன் 2-ஆம் தேதி எலிசபெத் ராணிக்கு முடிசூட்டியபோது வெளிநாட்டு விருந்தாளிகளுக்காக கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை, ரோஸ்மேரி ஹ்யூம் என்ற இரண்டு பெண்மணிகளின் சமையல் பள்ளி தயாரித்த பதார்த்தம் இது. ஆறவைத்த கோழிக்கறியில் மையனைஸ், ஆப்ரிகாட் பழ விழுது, அதோடு ஒரு துளி கறிப்பொடி! ராணியின் விருந்தில் நம் மசாலா. 70 வருஷம் கழித்து, அவர் மகனின் முடிசூட்டுக்கும் தெருத்தெருவாக இதைச் செய்தார்கள். பிற்பாடு இது ரொட்டிக்கு நடுவே போய் உட்கார்ந்து கொண்டது.

தேவையானவை: வேகவைத்து உதிர்த்த எலும்பில்லாத கோழி – ஒரு கப், தண்ணீர் வடித்த தயிர் – 3 டேபிள்ஸ்பூன், கறிமசாலாப் பொடி – அரை டீஸ்பூன், சின்ன வெங்காயம் – 4, மாங்காய்ப் பச்சடி – 2 டீஸ்பூன், உலர்ந்த திராட்சை – ஒரு டேபிள்ஸ்பூன், எண்ணெய் – ஒரு டீஸ்பூன், உப்பு, ரொட்டி – 4 துண்டு.

செய்முறை: எண்ணெயில் வெங்காயத்தை வதக்கி, கறிமசாலாப் பொடியைப் போட்டுப் பச்சை வாசனை போகப் பிரட்டி இறக்குங்கள். நன்றாக ஆறட்டும். தயிர், மாங்காய்ப் பச்சடி, திராட்சை, உப்பு சேர்த்துக் கலந்து, கோழியைப் போட்டுப் பிரட்டி, ரொட்டிக்கு நடுவே வையுங்கள். சைவக்காரர்கள் கோழிக்குப் பதில் குழைய வேகவைத்த கொண்டைக்கடலையை ஒன்றிரண்டாக மசித்துப் போடலாம். அங்கேயும் சைவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள்.

5. உருளைக்கிழங்கு 'பட்டி'

வட இங்கிலாந்துத் தொழிலாளிகளுக்குப் பிடித்தமானது. விரல் போல நறுக்கிப் பொரித்த உருளைக்கிழங்கை வெண்ணெய் தடவிய ரொட்டிக்குள் சூடாக வைத்து, தக்காளி சாஸ் ஊற்றி, கையால் அமுக்கிக் கடிக்க வேண்டியதுதான். மாவுக்கு மாவு தொட்டுக்கொள்வதா என்று சிரிக்க இருந்தேன். சோற்றுக்கு உருளைக்கிழங்கு வறுவல் தொட்டுக்கொள்கிறவர்கள் நாம்! சிரிப்பை அடக்கிக் கொண்டேன். என்றைக்காவது மழை நாளில் செய்யலாம். தினசரிக்கு வேண்டாம்.

நான் பட்ட அனுபவம்

ஊர் திரும்பிய உற்சாகத்தில் நாத்தனார் மகனுக்குப் பள்ளிக்கூட டப்பாவில் முட்டை ஸாண்ட்விச் வைத்து அனுப்பினேன். தயிருக்குப் பதில் ஒரு கடையில் வாங்கிய மையனைஸைத் தாராளமாகப் போட்டேன். ஆகஸ்ட் வெயில். காலை எட்டு மணிக்கு வைத்ததை அவன் ஒரு மணிக்குச் சாப்பிட்டான். சாயங்காலம் வாந்தி, ராத்திரி வயிற்றுப்போக்கு, மறுநாள் டிரிப்ஸ். பிள்ளை பிழைத்துக் கொண்டான். நாத்தனார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பெரிய தண்டனை.

லண்டன் குளிரில் நடப்பது குடவாசல் வெயிலில் நடக்காது என்பதை நான் யோசிக்கவில்லை. பச்சை முட்டையில் செய்கிற மையனைஸில் கிருமி பெருகும் என்பதால் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8-ஆம் தேதி முதல் ஓராண்டுக்கு அதைத் தடை செய்து உத்தரவு போட்டது. அதைப் படித்தபோது எனக்கு அந்தப் பிள்ளை முகம்தான் ஞாபகம் வந்தது. நீங்கள் இந்தத் தப்பைச் செய்யாதீர்கள். சில விதிகளை நான் சமையலறைச் சுவரில் எழுதியே ஒட்டியிருக்கிறேன்:

* முட்டை, கோழி, தயிர் போட்ட ஸாண்ட்விச் வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கோடை வெயிலில் ஒரு மணி நேரம்தான். ஃபிரிட்ஜில் மூடி வைத்தால் அன்றைக்குள் சாப்பிட்டுவிட வேண்டும்.

* பள்ளிக்கூட டப்பாவுக்கு இவை வேண்டவே வேண்டாம். ரொட்டியில் வெண்ணெயும் ஜாமும், அல்லது வேர்க்கடலையை வறுத்து அரைத்த விழுதும் வெல்லமும் போதும்.

* முட்டை மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேக வேண்டும். இங்கிலாந்தில் சிங்க முத்திரை போட்ட முட்டையைக் கர்ப்பிணிகள் அரைவேக்காட்டில் சாப்பிடலாம் என்று 2017-ல் அனுமதித்தார்கள். அது அந்த முட்டைக்கு மட்டும்தான்.

* கர்ப்பிணிகளுக்கு நன்கு பதப்படுத்திய பாலில் செய்த கெட்டி சீஸ் நல்லது. பூஞ்சை பிடிக்க வைத்துப் பழுக்கவிடும் மெத்தென்ற சீஸ் வகைகள் கூடாது.

* ரொட்டி வாங்கும்போது பேக்கரியில் 'சால்ட் பிரட்' என்று கேட்டு வாங்குங்கள். இனிப்பு ரொட்டி முட்டைக்கும் சீஸுக்கும் ஒட்டாது. கோதுமை ரொட்டி என்று பெயர் போட்டிருந்தாலும் உறையில் முதல் சாமான் முழுக் கோதுமை மாவுதானா, மைதாவா என்று படித்துப் பாருங்கள். பழுப்பு நிறத்தை நம்ப வேண்டாம். அங்கே வெள்ளை மாவில் கால்சியம், இரும்புச்சத்து, பி வைட்டமின்கள் சேர்க்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாம் கீரை, முட்டை, கடலை என்று உள்ளே வைப்பதில்தான் சத்தைச் சேர்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் டப்பா

நான் கிளம்புவதற்கு முன் ஒரு வாரம் மாப்பிள்ளைக்குப் பயிற்சி நடந்தது. "அத்தே, இது பொங்கல் வைக்கறதை விட சுலபம்" என்று சிரித்தார். தினம் காலையில் தான் கிளம்பும் முன் இரண்டு விதம் செய்து, மூடி போட்ட டப்பாவில் ஃபிரிட்ஜில் வைப்பார். மகள் உட்கார்ந்து பால் கொடுக்கும் நாற்காலி பக்கத்தில் ஒரு பெரிய பாட்டில் தண்ணீரும் வைத்துவிட்டுத்தான் போவார். ராத்திரிக்கு நான் பொடித்து வைத்த ரசப்பொடியில் ரசம். பூண்டுக் குழம்பும் உண்டு, லேகியமும் உண்டு. நம் மருந்துச் சாப்பாட்டை நான் விட்டுவிடச் சொல்லவில்லை. பசியோடு இருக்க வைப்பதைத்தான் விடச் சொல்கிறேன்.

ஊருக்கு வந்த பிறகு தினமும் போனில் நான் கேட்கிற முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டே?" ஒரு நாள் வீடியோவில் மகள் பேசிக்கொண்டே இருந்தாள். இடது தோளில் பேத்தி தூங்குகிறாள். வலது கையில் முட்டை ஸாண்ட்விச். எனக்கு அன்று ராத்திரி நல்ல தூக்கம் வந்தது.

சென்ற மாதம் எங்கள் தெருவில் ஒரு பெண் தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருந்தாள். குழந்தை பிறந்து பத்தாம் நாள் பார்க்கப் போனேன். முகம் வாடிக் கிடந்தது. அவள் அம்மா கொல்லைப் பக்கம் போன சமயம் மெதுவாகக் கேட்டேன், "பசிக்குதா கண்ணு?" அந்தப் பெண் தலையை மட்டும் ஆட்டினாள்.

நேராகக் கடைத்தெருவுக்குப் போய் ஒரு பாக்கெட் ரொட்டி வாங்கினேன். வழியில் வழக்கம்போல ஒருத்தி நிறுத்தினாள். "என்னக்கா, யாருக்குக் காய்ச்சல்?"

"காய்ச்சல் யாருக்கும் இல்லேடி. நம்ம தெருவுல ஒரு பொண்ணுக்குப் பசி" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினேன். வீட்டில் மூன்று முட்டையைக் கொதிக்கப் போட்டேன். அவள் அம்மாவிடம் எப்படிப் பேசிச் சம்மதிக்க வைப்பது என்று யோசித்துக்கொண்டே வெண்ணெயைத் தடவினேன். பத்து நிமிஷத்தில் சம்மதித்துவிட்டார். அவரும் ஒரு காலத்தில் ராத்திரியில் திருட்டுத்தனமாகத் தண்ணீர் குடித்தவர்தானாம்!